கூடமும் கோணலாக இருக்கலாம்!



‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று ஒரு பழமொழி உண்டு. தன் குறையை மறைக்க இடத்தைக் குறை சொல்வது என்று இதற்கு அர்த்தம். ஆனால் ஒரு படிப்பு இருக்கிறது. அதைப் படித்தவர்கள் இந்தப் பழமொழியை அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். “ஆடியவள் விழுந்துவிட்டாளா? சரி, முதலில் கூடத்தை அளந்து பார்ப்போம். நிஜமாகவே கோணலாக இருந்தால்?” என்று கேட்பார்கள். அந்தப் படிப்பின் பெயர் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன். தமிழில் பயனர் அனுபவ வடிவமைப்பு. சுருக்கமாக யு.எக்ஸ். என்பார்கள்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுத கணக்கு நன்றாக வந்தால் போதும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. எழுதிய புரோகிராமை, செய்த மெஷினை, யாரோ ஒருவர் தொட்டுப் பயன்படுத்த வேண்டும். அவருக்கு அது புரிய வேண்டும். பயம் இருக்கக் கூடாது. அவர் நினைத்த வேலை நினைத்தபடி முடிய வேண்டும். இதையெல்லாம் யோசிப்பதுதான் யு.எக்ஸ்.

இந்தத் துறையில் முக்கியமானவர் அமெரிக்காவின் டான் நார்மன். 1988-ல் இவர் எழுதிய புத்தகத்தில் கதவைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். கதவில் கைப்பிடி இருந்தால் நமக்கு இழுக்கத் தோன்றும். வெறும் தகடு இருந்தால் தள்ளத் தோன்றும். தள்ள வேண்டிய கதவில் கைப்பிடியை வைத்துவிட்டு, அதன் மேல் ‘தள்ளு’ என்று எழுதி ஒட்டினால் என்ன ஆகும்? பத்துப் பேரில் பாதிப் பேர் இழுத்துவிட்டு அசடு வழிவார்கள். தப்பு அவர்கள் மேலா, கதவு மேலா? நார்மன் 1993-ல் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே தன் பதவியின் பெயரிலேயே ‘யூசர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் இந்தச் சொல் உலகமெல்லாம் பரவியது.

இந்தப் பாடத்தை விளக்க செல்போனை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நான் ஓட்டு மெஷினை எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. செல்போன் பிடிக்காவிட்டால் வேறு வாங்கலாம். ஓட்டு மெஷினை அப்படி மாற்ற முடியாது. படித்தவர், படிக்காதவர், கண் தெரியாதவர், 18 வயது அக்கா, 90 வயது தாத்தா எல்லாருக்கும் அதே மெஷின்தான். சில வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதைத் தொடுகிறோம், அதனால் பழக்கமும் இருக்காது. தப்பாக அமுக்கிவிட்டால் திரும்பப் போடவும் முடியாது. இவ்வளவு கஷ்டமான பரீட்சை வேறு எந்த மெஷினுக்கு இருக்கிறது?

பாடம் 1: யாருக்காகச் செய்கிறோம்?

எதைச் செய்வதற்கும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்போது 100 பேரில் சுமார் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பெயரை அச்சடித்துக் கொடுத்தால் மீதிப் பேர் என்ன செய்வார்கள்? ‘படித்துவிட்டு வா, அப்புறம் ஓட்டுப் போடு’ என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம் கொடுத்தார்கள். வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். வாக்காளர் சின்னத்தைப் பார்த்து அந்தப் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும்.

ஆளை மாற்றச் சொல்லாமல் பொருளை மாற்றினார்கள். இதுதான் யு.எக்ஸ்-ன் உயிர். அந்தச் சொல்லே பிறக்காத காலத்தில் நம் நாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். நம் கிராமப்புற உள்ளாட்சித் தேர்தலில் நான்கு பதவிகளுக்கு நான்கு நிறத்தில் ஓட்டுச் சீட்டு கொடுத்ததும் இதே யோசனைதான். 2019-ல் வீட்டில் பெரியவர்கள் நான்கு நிறச் சீட்டில் ஓட்டுப் போட்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். எது தலைவருக்கு, எது வார்டு உறுப்பினருக்கு என்று நிறமே சொல்லிவிடும்.

பாடம் 2: கோணல் கூடத்தின் கதை

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 2000-ஆம் ஆண்டு நவம்பர் 7. ஜனாதிபதித் தேர்தல். புளோரிடா மாநிலத்தில் பாம் பீச் என்று ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). அங்கே வயதானவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். ஜனாதிபதி பதவிக்கு 10 பேர் போட்டி. 10 பெயரையும் ஒரே பக்கத்தில் அடித்தால் எழுத்து பொடியாகிவிடும், பெரியவர்களுக்குக் கண் தெரியாது என்று தேர்தல் அதிகாரி நினைத்தார். அதனால் பெயர்களை இடது பக்கம் சில, வலது பக்கம் சில என்று பெரிய எழுத்தில் அடித்து, துளை போடும் இடத்தை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார். பட்டாம்பூச்சி சிறகை விரித்த மாதிரி இருந்ததால் இதற்குப் ‘பட்டாம்பூச்சி ஓட்டுச்சீட்டு’ என்றே பெயர் வந்துவிட்டது.

எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்ததைக் கேளுங்கள். இடது பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது பெயர் அல் கோர். வலது பக்கம் முதல் பெயர் புக்கானன். நடுவில் இருந்த துளைகளில் முதல் துளை புஷ்ஷுக்கு. இரண்டாவது துளை யாருக்கு? இடது பக்கம் மட்டும் படித்தவர்கள் கோருக்கு என்றுதானே நினைப்பார்கள்! ஆனால் அது வலது பக்கத்துப் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது துளை.

புக்கானனுக்கு அந்த ஒரு கவுண்டியில் மட்டும் சுமார் 3,400 ஓட்டு விழுந்தது. அதில் பெரும்பாலானவை தனக்காகப் போட்டதாக இருக்காது என்று புக்கானனே டி.வி.யில் சொன்னார். இது தவிர 19,000-க்கும் மேலான சீட்டுகளில் ஜனாதிபதி பதவிக்கு ஒன்றுக்கு மேல் துளை விழுந்து அவை செல்லாமல் போயின. புளோரிடா மாநிலம் முழுவதும் புஷ்ஷுக்கும் கோருக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 537 ஓட்டு. புளோரிடாவில் ஜெயித்தவர்தான் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார்.

அந்த வயதானவர்களுக்கு ஓட்டுப் போடத் தெரியவில்லை என்று அப்போது சிலர் கேலி செய்தார்கள். ஆனால் அதே மாதிரி வயதானவர்கள் மற்ற கவுண்டிகளிலும் இருந்தார்களே! இந்தச் சீட்டில்தான் இந்தத் தப்பு இப்படிக் குவிந்தது. அப்படியானால் கோணல் எங்கே இருக்கிறது?

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே வாக்காளர்களுக்குத் தபாலில் போயிருந்தது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து தாளைப் பார்ப்பது வேறு. பூத்தில் நின்று, பின்னால் வரிசை காத்திருக்க, கையில் ஊசியைப் பிடித்துத் துளை போடுவது வேறு. ‘காட்டினேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை’ என்பது சோதனை ஆகாது. ‘செய்யச் சொன்னேன், பக்கத்தில் இருந்து பார்த்தேன்’ என்பதுதான் சோதனை.

பாடம் 3: நம் மெஷினில் இருக்கும் ஐந்து தத்துவங்கள்

நம் ஓட்டு மெஷினில் இரண்டு பெட்டி. ஒன்று அதிகாரியின் மேஜையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி. இன்னொன்று அட்டை மறைவுக்குள் நாம் ஓட்டுப் போடும் பெட்டி. பெல், இ.சி.ஐ.எல். என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்துப் பேராசிரியர்களும் இதன் வடிவமைப்பில் பங்கு பெற்றார்கள். இப்போது யு.எக்ஸ். தத்துவங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்போம்.

(1) பொருத்தம்: பெயர், படம், சின்னம், விளக்கு, நீலப் பட்டன் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எந்தச் சின்னமோ அதன் நேராக அதன் பட்டன். குழப்பத்துக்கு வழியே இல்லை. பட்டாம்பூச்சிச் சீட்டில் இல்லாமல் போனது இதுதான். வேட்பாளரின் போட்டோ 2015-லிருந்து சேர்ந்தது. ஒரே பெயரில் இரண்டு பேர் நின்றால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

(2) பதில்: நாம் ஒன்று செய்தால் மெஷின் பதில் சொல்ல வேண்டும். பட்டனை அமுக்கியதும் அந்தப் பெயருக்கு நேராகச் சிவப்பு விளக்கு எரியும். ‘பீப்’ என்று நீளமாகச் சத்தம் வரும். காது கேட்காதவருக்கு விளக்கு, கண் தெரியாதவருக்குச் சத்தம். பதில் சொல்லாத மெஷினை என்ன செய்வோம்? திரும்பத் திரும்ப அமுக்குவோம். லிஃப்ட் பட்டனைப் பத்துத் தடவை அமுக்குகிறார்களே, அது ஏன் என்று இப்போது புரிகிறதா?

(3) கட்டுப்பாடு: தப்பு செய்யவே முடியாதபடி அமைத்துவிடுவது. அதிகாரி தன் பெட்டியில் பட்டனை அமுக்கினால்தான் ஒரு ஓட்டுக்கு மெஷின் திறக்கும். அதில் நாம் எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரு ஓட்டுதான். இரண்டு பேருக்குப் போட்டு ஓட்டு செல்லாமல் போகும் பேச்சே கிடையாது. வேட்பாளர் இல்லாத பட்டன்களை மூடி மறைத்துவிடுவார்கள். அதேபோல ‘முடி’ பட்டனை அமுக்காமல் ‘முடிவு’ பட்டன் வேலை செய்யாது. ‘கவனமாக இரு’ என்று நூறு தடவை எழுதி ஒட்டுவதைவிட, தப்புக்கு வழியை அடைத்துவிடுவது மேல்.

(4) எல்லாருக்கும் வழி: பட்டன்களின் வலது ஓரத்தில் பிரெயில் எழுத்தில் எண்கள் இருக்கும். பார்வையில்லாதவர் பிரெயிலில் அச்சடித்த பட்டியலைத் தடவிப் படித்து, தன் வேட்பாளரின் எண்ணைத் தெரிந்துகொண்டு, தானே அமுக்கலாம். தன் ஓட்டைத் தானே ரகசியமாகப் போடுவது எவ்வளவு பெரிய மரியாதை!

(5) இடத்துக்கு ஏற்றது: மெஷின் பேட்டரியில் ஓடும், கரண்ட் வேண்டாம். தேர்தல் அன்று கரண்ட் போனாலும், கரண்டே இல்லாத மலைக்கிராமத்திலும் ஓட்டுப் பதிவு நடக்கும். பொருள் ஏ.சி. அறையில் பிறந்தாலும் வாழப் போவது நம் பள்ளிக்கூட வகுப்பறையில்தானே!

பாடம் 4: ஒரு பொருள் எப்படி வளர்கிறது?

யு.எக்ஸ். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. யோசனை, முன்மாதிரி, சோதனை, திருத்தம், மறுபடி சோதனை என்று சுற்றிச் சுற்றி வரும். ஓட்டு மெஷின் நடந்து வந்த பாதையைப் பாருங்கள்.

1977 – யோசனை பிறந்தது.
1979 – முன்மாதிரி தயாரானது.
1980 – அரசியல் கட்சிகளுக்குச் செய்து காட்டினார்கள்.
1982 – கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் முதல் முறையாகப் பயன்படுத்தினார்கள்.
1984 – சட்டத்தில் இடம் இல்லாமல் மெஷினைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 50 சாவடிகளில் மறு ஓட்டுப்பதிவு நடந்தது.
1988 – சட்டத்தைத் திருத்தினார்கள்.
1998 – மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 சட்டமன்றத் தொகுதிகள்.
2001 – தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, மேற்கு வங்காளம் முழுவதும்.
2004 – நாடு முழுவதும், 543 மக்களவைத் தொகுதிகளும்.

50 சாவடியிலிருந்து நாடு முழுவதும் வர 22 வருஷம்! சின்னதாக ஆரம்பி, பார், திருத்து, பிறகு பெரிதாக்கு. கம்ப்யூட்டர் மென்பொருள் செய்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் நிபுணர்கள் கூடி ‘அஜைல்’ என்ற முறைக்குக் கொள்கை எழுதினார்கள். எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கடைசி நாளில் காட்டாதே, வேலை செய்கிற சின்னச் சின்னப் பகுதியாகக் கொடு, பயன்படுத்துபவரிடம் அடிக்கடி கேள், மாற்றம் வந்தால் ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. செல்போன் ஆப்பில் தப்பு இருந்தால் அடுத்த வாரமே ‘அப்டேட்’ அனுப்பிவிடலாம். ஓட்டு மெஷினின் புரோகிராம் ஒரே ஒரு தடவை எழுதும் சிப்பில் இருக்கிறது. அதை அழித்து எழுத முடியாது என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. திருத்த முடியாத பொருள் என்றால் சோதனை பல மடங்கு வேண்டும். அதனால்தான் தேர்தல் அன்று காலையிலும், நிஜ ஓட்டுக்கு முன்னால், ஏஜெண்டுகளை வைத்துக்கொண்டு குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு எண்ணிப் பார்த்து, பிறகு அழித்துவிட்டு ஆரம்பிக்கிறார்கள்.

பாடம் 5: எல்லையை நினைத்துப் பார்

‘இப்படியெல்லாம் நடக்காது’ என்று நினைப்பதும் நடக்கும். 1996-ல் நம் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்று கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள்! அப்போது காகிதச் சீட்டுதான். சீட்டு ஒரு புத்தகமே ஆகிவிட்டது. தேர்தலையும் தள்ளி வைக்க வேண்டி வந்தது.

ஓட்டுப் பெட்டி ஒன்றில் 16 பேருக்கு இடம். பழைய மெஷினில் நான்கு பெட்டி வரை சேர்க்கலாம், அதாவது 64 பேர். புதிய எம்-3 மெஷினில் 24 பெட்டி, 384 பேர் வரை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் மஞ்சள் விவசாயிகள் இதேபோல நிற்க, வேட்பாளர் எண்ணிக்கை 185 ஆனது. ஒவ்வொரு சாவடியிலும் 12 பெட்டியை இணைத்துத் தேர்தலை நடத்தினார்கள். பழைய மெஷின் மட்டும் இருந்திருந்தால்? ‘அதிகபட்சம் எவ்வளவு வரும்?’ என்று கேட்டுவிட்டு, வந்த பதிலை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பாடம் 6: நம்பிக்கையும் வடிவமைப்புதான்

விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது, சரி. ஆனால் என் ஓட்டு நான் நினைத்தவருக்குத்தான் போனதா? இப்படிப் பலர் கேட்டார்கள். கேட்டவர்களைச் ‘சும்மா இரு’ என்று சொல்லிவிட்டால் சந்தேகம் தீராது. அதனால் வி.வி.பாட் என்ற பெட்டி வந்தது. நாம் அமுக்கிய வேட்பாளரின் எண், பெயர், சின்னம் அச்சடித்த சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரியும். பிறகு மூடிய பெட்டிக்குள் விழுந்துவிடும்.

இதை எங்கே சோதித்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 2011 ஜூலையில் திருவனந்தபுரம், டெல்லி, ஜெய்சால்மர், சிரபுஞ்சி, லே ஆகிய இடங்களில் சோதனை நடந்தது. கடலோர ஈரம், நகரத்து நெரிசல், பாலைவன வெயில், பெருமழை, மலைக் குளிர் எல்லாம் அதில் வந்துவிட்டது. சோதனையில் வந்த குறைகளைத் திருத்தி, 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதலில் பயன்படுத்தினார்கள். 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் வந்துவிட்டது. மெஷினைப் பற்றிய வாதம் இன்றும் நடக்கிறது. அதை ஒரு தொல்லையாக நினைக்கக் கூடாது. பயன்படுத்துபவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் அடுத்த திருத்தத்துக்கு விதை.

செய்து பார்க்க

யு.எக்ஸ். பழக கம்ப்யூட்டர் வேண்டும் என்று இல்லை. தாளும் பென்சிலும் போதும். இந்தத் துறையின் இன்னொரு நிபுணர் ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-ல் எழுதினார். இதைச் செய்து பாருங்கள்.

1. வகுப்புத் தலைவர் தேர்தலுக்கு ஒரு ஓட்டுச்சீட்டு வரையுங்கள். அல்லது நூலகப் புத்தகம் எடுக்கும் பதிவு நோட்டுக்கு ஒரு பக்கம் வரையுங்கள்.
2. ஐந்து பேரிடம் கொடுங்கள். அதில் ஒருவர் மூன்றாம் வகுப்புத் தம்பியாகவும், ஒருவர் வீட்டுப் பெரியவராகவும் இருக்கட்டும்.
3. வாயை மூடிக்கொண்டு பாருங்கள். சொல்லிக் கொடுக்கக் கூடாது! இதுதான் ரொம்பக் கஷ்டம்.
4. அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே தப்பு செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
5. தாளைத் திருத்துங்கள். ஆளைத் திருத்தாதீர்கள். மறுபடி கொடுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

• நம் பள்ளியில் எல்லாரும் அடிக்கடி தப்பாகப் பயன்படுத்தும் பொருள் எது? அதை எப்படி மாற்றலாம்?
• தப்பாகத் தொட்டுவிட்டால் திரும்ப வர வழி இருக்கும் மெஷின் எது, இல்லாத மெஷின் எது?

ஒரு கடைசி விஷயம். ஏ.டி.எம். வாசலில், ரேஷன் கடைக் கைரேகை மெஷின் முன்னால், புது செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, நம் பாட்டிகளும் அம்மாக்களும் “எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா, நான் படிக்காதவ” என்று சொல்வார்கள். நாமும் “இதுகூடத் தெரியலையா?” என்று சட்டென்று கேட்டுவிடக் கூடாது. 10 படி நெல்லைக் கண்ணால் அளந்து சொல்லும் பாட்டிக்கு ஒரு பட்டன் புரியவில்லை என்றால், பட்டனை வைத்தவர் பாட்டியை நினைக்கவில்லை என்று அர்த்தம். நம்மில் யாராவது நாளைக்கு மென்பொருள் எழுதப் போகலாம், மெஷின் செய்யப் போகலாம். அப்போது நம் வீட்டுப் பெரியவர்களை மனதில் ஓரமாக உட்கார வைத்துக்கொண்டு செய்வோம். அவர்களுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சிறு தாளில் எழுதிச் சுவர் இதழ்ப் பெட்டியில் போடுங்கள். எங்கே புரியவில்லை என்றும் எழுதுங்கள். அடுத்த இதழில் திருத்தி எழுதுகிறேன். அதுவும் யு.எக்ஸ். தானே!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி